பழைய சொகுசு மின்கார்: இ-ட்ரானா, இ.க்யூ.சி.யா, ஐ-பேஸா, இல்லை புது ஐ.எக்ஸ்.1-ஆ?

என் சித்தி மகன் கோயம்புத்தூரில் பம்ப் உதிரிபாகத் தொழில் நடத்துகிறான். பொங்கல் கழிந்த வாரம் ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் செய்தான். "ஆடி இ-ட்ரான் 55 ஒண்ணு வந்திருக்குங்ணா. புதுசுல 1 கோடியே 16 லட்சம். இப்ப அதுல பாதிதான் கேக்கிறாங்க. 30,000 கிலோமீட்டர்கூட ஓடல. எடுத்துரலாமா?"

உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை, வேண்டாம் என்று சொல்லவும் காரணம் இல்லை. அடுத்த இரண்டு மாதம் சனி ஞாயிறுகளில் சென்னை, பெங்களூரு, கோவை என்று வண்டி பார்த்தோம். பார்த்ததில் எனக்குப் புரிந்ததை, இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

பழைய சந்தையில் இந்த விலைக்குள் வருபவை முக்கியமாக மூன்று. மெர்சிடிஸ் இ.க்யூ.சி. 2020 அக்டோபரில் 99.30 லட்சத்துக்கு வந்தது. ஜாகுவார் ஐ-பேஸ் 2021 மார்ச்சில் 1.06 கோடிக்கு வந்தது. இ-ட்ரான் அதே ஆண்டு ஜூலையில் வந்தது. சின்ன பேட்டரி போட்ட 50 சுமார் 1 கோடி, பெரிய பேட்டரி போட்ட 55 1.16 கோடி. எல்லாம் ஷோரூம் விலை, எல்லாம் வெளிநாட்டில் முழுசாகச் செய்து இறக்கியவை. இவற்றோடு நாலாவதாக ஒரு புது வண்டியையும் பட்டியலில் சேர்த்தேன். பி.எம்.டபிள்யூ. ஐ.எக்ஸ்.1 நீள மாடல் 2025 ஜனவரியில் 49 லட்சத்துக்கு வந்தது. அதைச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கத்து ஆலையிலேயே பூட்டுகிறார்கள். பழையதற்குக் கொடுக்கும் காசில் புதுசே வரும்போது, அதை விட்டுவிட்டு ஒப்பிடுவது சரியில்லை.

முதலில் விலை ஏன் இவ்வளவு இறங்கியது என்று பார்க்க வேண்டும். பேட்டரியைப் பற்றிய பயம் ஒரு காரணம், புது மாடல்கள் வந்தது இன்னொரு காரணம். இவை இரண்டும் எல்லோரும் சொல்வது. மூன்றாவதை யாரும் சொல்வதில்லை. இந்த வண்டிகளில் பல, கம்பெனி பெயரில் வாங்கியவை. மின் வண்டிக்கு வருமான வரியில் ஆண்டுக்கு 40 சதவீதம் தேய்மானம் காட்டலாம். மூன்று முழு ஆண்டு காட்டிவிட்டால், 1.16 கோடி வண்டி கணக்குப் புத்தகத்தில் 25 லட்சமாக நிற்கும். வரிப் பயன் தீர்ந்ததும் வண்டியைக் கைமாற்றி விடுகிறார்கள்.

இதில் வாங்குபவர் தலையில் விழக்கூடிய ஒரு செலவு ஒளிந்திருக்கிறது. 2024 டிசம்பரில் ஜெய்சல்மேரில் கூடிய ஜி.எஸ்.டி. கவுன்சில், பழைய மின் வண்டிகளை வரிப்பதிவு உள்ளவர்கள் விற்றால் லாபப் பகுதிக்கு 18 சதவீதம் வரி என்று முடிவு செய்தது. தேய்மானம் காட்டிய கம்பெனி விற்கும்போது லாபம் என்பது விற்கிற விலைக்கும் புத்தக மதிப்புக்கும் உள்ள வித்தியாசம். 25 லட்சம் புத்தக மதிப்புள்ள வண்டியை 55 லட்சத்துக்கு விற்றால், 30 லட்சத்துக்கு 18 சதவீதம், அதாவது 5.4 லட்சம். "விலையில ஜி.எஸ்.டி. சேர்ந்திருக்கா?" என்ற கேள்வியை முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கேளுங்கள். தனிநபர் தன் சொந்த வண்டியைத் தனிநபருக்கு விற்றால் இந்த வரி கிடையாது. ஆர்.சி.யில் யார் பெயர் என்பதை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, வண்டிக்கு வருவோம். மூன்றுக்கும் பேட்டரிக்கு 8 ஆண்டு அல்லது 1,60,000 கிலோமீட்டர் வாரண்டி. விற்பவர் இதைத்தான் முதலில் சொல்வார். அவர் சொல்லாமல் விடுவது, அது பேட்டரிக்கு மட்டும் என்பதை. மோட்டார், வண்டிக்குள்ளேயே இருக்கும் சார்ஜர், பெரிய பேட்டரியிலிருந்து 12 வோல்ட்டுக்கு மாற்றித் தரும் கன்வெர்ட்டர், ஏ.சி. கம்ப்ரசர், ஏர் சஸ்பென்ஷன் (ஸ்பிரிங்குக்குப் பதில் காற்றுப்பை), திரைகள் எதுவும் அதில் வராது. இந்த வண்டிகளின் பொது வாரண்டி பெரும்பாலும் முடிந்துவிட்டது. ஏ.சி. கம்ப்ரசரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். மின்காரில் பேட்டரியைக் குளிர வைப்பதிலும் அதற்குப் பங்கு உண்டு. அது போனால் நமக்கு வியர்ப்பதோடு நிற்காது. சித்திரை வெயிலில் டி.சி. சார்ஜிங், அதாவது வேக சார்ஜரில் ஏற்றும் வேகமும் படுத்துவிடும். இந்த பாகங்கள் ஒவ்வொன்றும் லட்சங்களில் பேசுபவை. மூன்றிலும் மாடல் நின்றுபோய்விட்டதால், பாகம் கடல் தாண்டி வரும்வரை வண்டி பட்டறையில் காத்திருக்க வேண்டியதும் வரும்.

ஆகவே இந்தச் சந்தையில் நாம் காசு கொடுத்து வாங்குவது இரண்டு: மிச்சமிருக்கும் பேட்டரி வாரண்டி மாதங்கள், பக்கத்தில் இந்த வண்டியைத் திறந்து வேலை பார்க்கத் தெரிந்த ஒரு பட்டறை. பிராண்டு, பெயிண்ட், ஓடிய கிலோமீட்டர் எல்லாம் அதற்குப் பிறகுதான். மூன்று வண்டிகளையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன்.

ஓட்ட எனக்குப் பிடித்தது ஐ-பேஸ்தான். 400 குதிரை சக்தி, 90 யூனிட் பேட்டரி, மற்ற இரண்டையும்விட எடை குறைவு. 2019-ல் உலகின் சிறந்த கார் விருது வாங்கியது. வளைவில் அது திரும்புகிற அழகைப் பார்த்து என் தம்பி இறங்கவே மனமில்லாமல் உட்கார்ந்திருந்தான். ஆனாலும் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அதன் பேட்டரி செல்கள் எல்.ஜி. நிறுவனத்துடையவை. சில செல்களில் ஆனோடு பக்கத்து தகடு மடிந்திருக்கும் கோளாறால் தீப்பிடிக்கும் அபாயம் இருப்பதாக, அமெரிக்காவில் 2023-ல் 6,000-க்கும் மேற்பட்ட வண்டிகளைத் திரும்ப அழைத்தார்கள். 2024-ல் 2019 மாடல்களை 80 சதவீதத்துக்கு மேல் ஏற்றாதபடி மென்பொருளால் தடுத்து, வெளியில் நிறுத்தச் சொன்னார்கள். பிறகு அந்த 2019 வண்டிகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளவே முன்வந்தார்கள். இந்தியாவில் விற்றவை அதற்குப் பிந்தியவை, எல்லா வண்டியிலும் இந்தக் கோளாறு இருக்கும் என்றும் இல்லை. ஆனால் 2024-ல் ஐ-பேஸ் உற்பத்தியே நின்றுபோனது. ஜாகுவார் தன் பழைய மாடல்களை எல்லாம் கைவிட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்குகிறது. லேண்ட் ரோவர் பட்டறைகள் இருக்கின்றன, டாடா குழுமம் பின்னால் இருக்கிறது, உண்மைதான். இருந்தாலும், அடுத்த ஐந்து ஆண்டு வைத்திருக்க நினைப்பவருக்கு வாரிசு இல்லாத மாடலை நான் கைகாட்ட மாட்டேன். மறுவிற்பனையில் இன்னும் விழும்.

இ.க்யூ.சி. உள்ளே உட்கார்ந்தால் மற்ற இரண்டையும் மறந்துவிடுவோம், அவ்வளவு அமைதி. 80 யூனிட் பேட்டரி, 408 குதிரை சக்தி. பெட்ரோல் ஜி.எல்.சி.யின் அமைப்பை எடுத்து மின்காராக மாற்றியது என்பதால் பின்சீட்டில் நடுவில் உட்காருபவருக்குக் கால் வைக்க இடம் கம்மி. அது பொறுத்துக்கொள்ளக்கூடியது. என்னைத் தயங்க வைத்தது மோட்டார். குளிர்விக்கும் திரவம் சீல் வழியாகக் கசிந்து மோட்டாருக்குள் போகும் சிக்கலுக்காக, சீனாவில் இந்த மாடலைத் திரும்ப அழைத்திருக்கிறார்கள். மேலே சொன்னபடி மோட்டார், பேட்டரி வாரண்டியில் வராது. மோட்டார் யூனிட் மாற்றிய பில் சர்வீஸ் வரலாற்றில் இருந்தால் அது குறையில்லை, நிறை. கம்பெனி நீட்டிப்பு வாரண்டி இன்னும் உயிரோடிருந்து, நம் பெயருக்கு மாறும் என்றால் வாங்கலாம். இரண்டும் இல்லாவிட்டால் விலை எவ்வளவு குறைந்தாலும் விட்டுவிடுங்கள். இந்த மாடலும் 2023-ல் நின்றுவிட்டது.

இ-ட்ரானைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகப் பேச வேண்டும். மூன்றில் இதுதான் கனமானது, இரண்டரை டன். கரண்டும் இதுதான் அதிகம் சாப்பிடும். 100 கிலோமீட்டருக்கு 24, 25 யூனிட். காகிதத்தில் பார்த்தால் கடைசி இடம்தான். ஆனால் இதைக் கட்டியவர்கள் பயந்து பயந்து கட்டியிருக்கிறார்கள், அது நமக்கு லாபம். 55 மாடலில் 95 யூனிட் பேட்டரியில் 86.5 யூனிட்டைத்தான் நம்மைப் பயன்படுத்த விடுகிறார்கள். மீதி, மேலும் கீழும் ஒதுக்கு. நாம் 100 சதவீதம் ஏற்றினாலும் செல்கள் உண்மையில் விளிம்பு வரை நிரம்புவதில்லை. அதனால் தேய்மானம் மெதுவாக நடக்கும். பேட்டரி 36 தனித்தனி மாட்யூல்களாக இருக்கிறது. ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்ற வழி உண்டு. வாரண்டி முடிந்த பிறகு, இந்த ஒரு விஷயம்தான் முழு பேட்டரிச் செலவிலிருந்து நம்மைக் காப்பாற்றப் போகிறது. அப்புறம், 2023-ல் வந்த கியூ8 இ-ட்ரான் இதே வண்டியின் மேம்பட்ட வடிவம். இவற்றைச் செய்த பிரஸ்ஸல்ஸ் ஆலையை 2025 பிப்ரவரியில்தான் மூடினார்கள். அதனால் பாகங்கள் புழக்கத்தில் இருக்கும் காலம் மற்ற இரண்டைவிட நீளம்.

குறைகளும் உண்டு. சார்ஜிங் மூடி மோட்டாரில் திறக்கும். அது அடிக்கடி சிக்கிக்கொள்வதாகப் பெயர் எடுத்தது. பார்க்கப் போகும்போது இரண்டு பக்க மூடியையும் பத்து தடவை திறந்து மூடிப் பாருங்கள். ஏர் சஸ்பென்ஷன் எல்லா இ-ட்ரானிலும் உண்டு. ராத்திரி முழுக்க நின்ற வண்டியைக் காலையில் ஸ்டார்ட் செய்வதற்கு முன் போய்ப் பாருங்கள். ஒரு மூலை தாழ்ந்திருந்தால் அங்கே காற்று கசிகிறது. டீலர் முன்கூட்டியே ஓட்டி வந்து நிறுத்தி வைத்திருந்தால் இது தெரியாது, அதனால் நேரம் சொல்லாமல் போவது நல்லது. சின்ன பேட்டரி போட்ட 50 மாடல் மலிவாக வரும். ஊருக்குள் மட்டும் ஓட்டுபவருக்குச் சரி. கோவை–சென்னை 500 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு அது தொல்லை. 55-இல் ஏ.சி. போட்டு 90, 100 வேகத்தில் போனால் 300 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் எதிர்பார்க்கலாம். சேலம் பக்கமோ கிருஷ்ணகிரி பக்கமோ ஒரு சாப்பாட்டு நிறுத்தத்தில் ஏற்றிக்கொண்டால் போதும். வேக சார்ஜரில் இ-ட்ரான் 150 கிலோவாட் வரை வாங்கும், ஐ-பேஸ் 100, இ.க்யூ.சி. 110 என்று பெருமை பேசுவார்கள். நம் நெடுஞ்சாலையில் கிடைப்பது பெரும்பாலும் 50, 60 கிலோவாட் சார்ஜர். அங்கே மூன்றும் ஒரே வேகம்தான்.

கரண்ட் செலவைக் கணக்குப் போடுவோம். மாதம் 1,000 கிலோமீட்டர் ஓட்டினால், ஏற்றும்போது வீணாவதையும் சேர்த்து 270 யூனிட். நம் மின்வாரியம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கெடுப்பதால், 540 யூனிட் வீட்டுக் கணக்கின் உச்சியில் போய் ஏறும். 1,000 யூனிட்டைத் தாண்டினால் யூனிட் 12 ரூபாயை ஒட்டி வரும். அப்படியே வைத்தாலும் கிலோமீட்டருக்கு 3 ரூபாய் 25 காசு. இதே எடை பெட்ரோல் சொகுசு வண்டி ஊருக்குள் லிட்டருக்கு 8 கொடுத்தால் பெரிய விஷயம். லிட்டர் 100 ரூபாய் என்றால் கிலோமீட்டருக்கு 12 ரூபாய் 50 காசு. ஆண்டுக்கு 12,000 கிலோமீட்டருக்கு மிச்சம் 1.1 லட்சம். பொது சார்ஜரிலேயே பிழைப்பு நடத்தினால் யூனிட் 20 ரூபாய்க்கு மேல் போகும், மிச்சம் சுருங்கிவிடும். நன்றாகக் கவனியுங்கள்: மூன்று ஆண்டு சேர்த்த இந்த மிச்சத்தை, வாரண்டியில் வராத ஒரே ஒரு பெரிய பாகம் ஒரு வாரத்தில் தின்றுவிடும். எரிபொருள் மிச்சத்தைக் காரணமாகச் சொல்லிக்கொண்டு இந்த வண்டியை வாங்காதீர்கள்.

சர்வீஸ் உண்மையிலேயே குறைவு. எஞ்சின் ஆயில் கிடையாது, பிரேக் பேடு வருஷக்கணக்கில் வரும், இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை பிரேக் திரவம் மாற்ற வேண்டும். டயர்தான் கொஞ்சம் கடிக்கும். இரண்டரை டன் எடையை உடனடி இழுவையோடு தள்ளும் 20 அங்குல டயர்கள் சீக்கிரம் தேயும்.

காப்பீட்டில் ஒரு விஷயம் பலருக்கு உறைப்பதில்லை. முழுத் தேய்மானப் பாதுகாப்பு, அதாவது ஆட்கள் பம்பர் டு பம்பர் என்று சொல்வது, பல கம்பெனிகளில் வண்டிக்கு 5 அல்லது 7 வயது வரைதான். 2021 வண்டிகள் 2026-ல் ஐந்தைத் தொடுகின்றன. வண்டி எடுப்பதற்கு முன்பே இரண்டு கம்பெனியில் எழுத்தில் விலை வாங்கிவிடுங்கள், பேட்டரிக்குள் தண்ணீர் புகுவதற்கான கூடுதல் பாதுகாப்பையும் சேர்த்து. மூன்றாம் நபர் காப்பீட்டில் மின்காருக்கு 15 சதவீதத் தள்ளுபடி உண்டு. அது சின்னத் தொகை. பெரிய தொகை வண்டியின் அடிவயிற்றில் இருக்கிறது. 2023-ல் கனடாவில் ஒரு கொரிய மின்காரின் பேட்டரி மூடியில் விழுந்த கீறலுக்கு, பேட்டரி மாற்ற 60,000 கனடா டாலர் கேட்டார்கள். வண்டி விலையைவிட அது அதிகம். காப்பீட்டுக் கம்பெனி வண்டியையே முழு நஷ்டம் என்று கணக்கு முடித்துவிட்டது. நம் ஊர் வேகத்தடைகளை நினைத்துப் பாருங்கள். லிஃப்டில் ஏற்றி, அடித்தகட்டைக் கைவிளக்கு அடித்துப் பார்க்காமல் பணம் கொடுக்கவே கூடாது.

சென்னை வண்டி என்றால் தண்ணீர். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் நின்றுபோன வண்டிகள் துடைத்து, வாசனை அடித்து, வேறு ஊரில் விற்பனைக்கு வருகின்றன. நாங்கள் பார்த்த ஒன்றில் முன்சீட் பெல்ட்டை முழுக்க வெளியே இழுத்ததும், அடியில் ஒரு விரற்கடை அகலத்துக்குச் சேற்றுக் கோடு. ஒன்றும் பேசாமல் வந்துவிட்டோம். பெட்ரோல் வண்டியில் அது ஒரு தலைவலி. மின்காரில் உயர் மின்னழுத்தம் போகும் ஆரஞ்சு நிற வயர்களின் இணைப்புகளில் பச்சை பூத்துவிட்டால், கோளாறு எங்கே என்று தேடியே பட்டறையில் மாதங்கள் போகும்.

புது ஐ.எக்ஸ்.1-க்கு வருகிறேன். 66.4 யூனிட் பேட்டரி, முன்சக்கர இழுவை, 204 குதிரை சக்தி. இ-ட்ரானில் இறங்கி இதில் ஏறினால் கதவு மூடுகிற சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். ஏர் சஸ்பென்ஷன் கிடையாது. ஆனால் பேட்டரிக்கு முழு 8 ஆண்டு இன்றிலிருந்து ஓடத் தொடங்கும், மற்ற பாகங்களுக்கும் வாரண்டி உண்டு, இங்கேயே பூட்டுவதால் பாகங்களும் கிட்டத்தில். வீட்டில் ஒரே கார், காலையில் அதை எடுத்துத்தான் வேலைக்குப் போக வேண்டும், ஆஸ்பத்திரிக்கும் அதில்தான் போக வேண்டும் என்றால், இதைத்தான் வாங்கச் சொல்வேன். வீட்டில் இன்னொரு வண்டி இருக்கிறது, சொந்த கார்ஷெட்டில் மூன்று பேஸ் இணைப்பு இருக்கிறது, அவசரத்துக்குக் கையில் ஐந்தாறு லட்சம் ஒதுக்கி வைக்க முடியும் என்பவர்களுக்கு மட்டும் இ-ட்ரான் 55. என் தம்பி இரண்டாவது வகை. வீட்டில் ஒரு இன்னோவா நிற்கிறது.

அவன் முதலில் சொன்ன அந்த வண்டியைக் கடைசியில் விட்டுவிட்டோம். ஆர்.சி. கம்பெனி பெயரில் இருந்தது, ஜி.எஸ்.டி. தனி. 2021 ஜூலையில் டெலிவரி எடுத்தது என்பதால் பேட்டரி வாரண்டி 2029 ஜூலையில் முடியும். சர்வீஸ் ஏட்டில் இருபது மாதம் வெறுமையாக இருந்தது. பெங்களூருவில் ஒரு டாக்டர் வைத்திருந்த, 2022 டிசம்பரில் எடுத்த 55 கிடைத்தது. கேட்டது 4 லட்சம் அதிகம். கம்பெனி பட்டறையில் பேட்டரி நலச் சான்று எடுத்துத் தரச் சம்மதித்தார். 93 சதவீதம் வந்தது. அதை நம்பி மட்டும் விடாமல், 100 சதவீதத்திலிருந்து 20 வரை ஒரே மூச்சில் ஓட்டிப் பார்த்தோம். வண்டி காட்டிய செலவு 64 யூனிட். 80 சதவீதத்துக்கு 64 என்றால் முழுசுக்கு 80. புதிதில் 86.5. சான்றோடு கணக்கு ஒத்துப்போனது.

கர்நாடகப் பதிவு வண்டி என்பதால் தடையில்லாச் சான்று, தமிழ்நாட்டு மறுபதிவு, மின்காருக்கான சாலை வரி விலக்கு எல்லாவற்றையும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு எழுதி வைத்துக்கொண்டோம். பணம் கட்டுகிற அன்று காலையில் தம்பி மறுபடி போன் செய்தான். "நாலு லட்சம் ஜாஸ்தி குடுக்கிறமேங்ணா?" பேட்டரி வாரண்டி 2030 டிசம்பர் வரை, அதாவது பதினேழு மாதம் கூட என்றேன். "அப்ப கட்டிரட்டுங்ளா?" என்றான். கட்டு என்றேன்.